முதுமை என்னும் பாடம்

நீலகிரி மாவட்டத்தில், கூடலூரை அடுத்து, உயர்ந்த மலைகள் அரண்போலச் சூழ்ந்து நிற்கும் பள்ளத்தாக்கு ஓவேலி. அப்பெயரில் உள்ள ‘வேலி’ பயிரைக் காக்கும் வேலியும் அன்று. சோழநாட்டில் நிலத்தை அளக்க வழங்கிய வேலியும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரி நிலத்தை அளவையிட்ட ஜேம்ஸ் ஆக்டர்லோனி என்னும் அலுவலரின் பெயரால் அவ்விடம் ‘ஆக்டர்லோனிப் பள்ளத்தாக்கு’ என வழங்கியது. அவர் பெயரின் முதல் ஒலியும், பள்ளத்தாக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்து நாளடைவில் ‘ஓவேலி’ என நின்றன. காப்பித் தோட்டங்கள் முதலில் அங்கு எழுந்தன; பின்னர்த் தேயிலை பரவியது. இடையிடையே ஏலமும் மிளகும் விளைகின்றன. சூண்டி, எல்லமலை, பெரியசோலை, ஆரூட்டுப்பாறை முதலிய சிற்றூர்கள் அச்சரிவுகளில் அமைந்துள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் திங்கள்களில் அங்கு மழை இடையறாது பெய்யும். மாலை மயங்கினால் யானைகள் வழிக்கு வரும்.

கூடலூர் வட்டாரத்தின் தொன்மக்கள் பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் முதலிய பழங்குடியினர் ஆவர். தோட்டங்கள் தோன்றிய பின்னர், சமவெளித் தமிழரும் மலையாள நாட்டினரும் கன்னட நாட்டினரும் பிழைப்பு நாடி மலையேறினர். அவர்களுக்குப் பின்னே வந்தோர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர். 1964-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி 5,25,000 பேரை இந்தியா குடிமக்களாக ஏற்றுக்கொள்ள இசைந்தது. அவ்வாறு வந்தோருள் பலர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, தமக்குத் தெரிந்த தேயிலைத் தொழிலையே நாடி நீலகிரியை அடைந்தனர். அவர்களுக்கு வேலை அளிக்கும் நோக்கத்துடன் 1968-ஆம் ஆண்டில் அரசினர் தேயிலைத் தோட்டங்களும் தொடங்கப்பெற்றன.

அன்று இளமையோடு வந்தோர் இன்று முதியோர். அவர்களுள் ஒருவரைப் போன்ற மூதாட்டி ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்க. அவர் கண்டி மலையில் பிறந்தார். பதினெட்டு அகவையில் கப்பலேறினார். நாற்பது ஆண்டுகள் ஓவேலிச் சரிவுகளில் முதுகிலே கூடை சுமந்து கொழுந்து பறித்தார். இன்று அவருக்கு எழுபது அகவை. முழங்கால் வலிக்கிறது, கண் மங்குகிறது. பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். மகன் கோயம்புத்தூரில் ஓர் ஆலையில் வேலை செய்கிறான். தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து பேருந்து நிற்கும் இடத்திற்குச் செல்ல வழுக்கும் படிகள் பலவற்றில் இறங்கவேண்டும். அவர் நலமாக வாழ என்ன வேண்டும்? இவ்வினாவிற்கு விடை கூறவல்லவர் யார்?

மருத்துவர் முழங்காலைப் பற்றிக் கூறுவார். வீட்டைப் பற்றி அவர் அறியார். வழக்கறிஞர் வீட்டுரிமையைப் பற்றிக் கூறுவார். மூதாட்டியின் தனிமையை அவர் அறியார். உளநூலார் தனிமையைப் பற்றிக் கூறுவார். வழுக்கும் படியைச் செப்பனிடும் வகையை அவர் அறியார். யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதை இங்கு நினைவிற்கு வரும். ஒவ்வொருவர் கூற்றும் மெய். ஆயினும் ஒருவர் கூற்றும் முழுமை அன்று. ஆதலின், முதுமையைப் பல துறைகளின் துணைகொண்டு ஆராயும் கல்வி ஒன்று உலகில் தோன்றியது. அதற்கு முதுமையியல் என்று பெயர்.

சொல்லும் பொருளும்

முதுமையைப் பற்றித் தமிழர் நெடுங்காலமாகவே சிந்தித்து வந்துள்ளனர். சொற்களே அதற்குச் சான்று. ‘கிழவன்’ என்னும் சொல் இன்று அகவை முதிர்ந்தவனை, அதிலும் சிறிது எளிமைப்படுத்தி, குறிக்கின்றது. பண்டை நூல்களிலோ அச்சொல்லுக்கு உரியவன், தலைவன் என்பன பொருளாம். கிழமை என்பது உரிமை. உரிமை உடையவனைக் குறித்த சொல், காலப்போக்கில், உரிமை இழந்தவனைக் குறிப்பதுபோல் ஒலிக்கத் தொடங்கிற்று. சொல்லின் இவ்வீழ்ச்சி, சமுதாயம் முதியோரை நோக்கிய நோக்கில் நேர்ந்த மாறுதலையும் ஓரளவு காட்டுவதாகக் கொள்ளலாம்.

கோப்பெருஞ்சோழனின் உயிர்நண்பராகிய பிசிராந்தையார், ஆண்டு பல கடந்தும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறுவதாகப் புறநானூற்றில் ஒரு செய்யுள் உண்டு. அப்புலவர் கூறும் காரணங்களில் மருந்தும் இல்லை, உணவும் இல்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் ஆகியோரின் நற்பண்புகளையே அவர் எண்ணிக் காட்டுகின்றார். நரை உடலில் தோன்றுவது. அவர் காட்டிய காரணங்களோ குடும்பத்திலும் ஆட்சியிலும் ஊரிலும் உள்ளவை. தலைமயிரின் நிறம் பற்றிய அவர் கூற்று உடல்நூலுக்கு ஒவ்வாதாயினும், முதுமை உடலளவில் அடங்குவதன்று என்னும் கருத்தை இன்றைய ஆய்வாளரும் உடன்படுவர்.

துறையின் தோற்றம்

முதுமையைக் குறித்த தனித்துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் முதன்முதலில் பெயரிட்டவர் எலி மெச்னிக்கோவ் என்னும் அறிஞர். பாரிசு நகரத்துப் பாஸ்டர் ஆய்வகத்தில் பணியாற்றிய அவர், 1903-ஆம் ஆண்டில் அப்பெயரை வழங்கினார். 1908-ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவரும் அவரே. 1909-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகர மருத்துவர் இக்னாசு நாசர், குழந்தை மருத்துவம் தனியே இருப்பதுபோல் முதியோர் மருத்துவமும் தனியே இருத்தல் வேண்டும் என வாதிட்டு, அதற்கும் ஒரு பெயரிட்டார்.

இத்துறை செயலில் மலர்ந்த வரலாறு இங்கிலாந்தில் நிகழ்ந்தது. 1935-ஆம் ஆண்டில் மார்ஜரி வாரன் என்னும் பெண் மருத்துவர், இலண்டனை அடுத்த மருத்துவமனை ஒன்றில், நெடுங்காலம் படுக்கையிலேயே கிடந்த பல நூறு முதியோரின் பொறுப்பை ஏற்றார். அதுவரை அவர்களுக்கு உணவும் படுக்கையும் அளித்ததே மருத்துவமாகக் கருதப்பட்டது. வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே ஆராய்ந்தார். நோயுற்றவர் யார், நடைப்பயிற்சி தந்தால் எழக்கூடியவர் யார், வீடு இன்மையாலேயே அங்குத் தங்கியவர் யார் என வகைப்படுத்தினார். செவிலியர், உடற்பயிற்சி அளிப்போர், சமூகப் பணியாளர் ஆகியோரை ஒரு குழுவாகச் சேர்த்தார். சுவர்களுக்கு நல்ல நிறம் தீட்டச் செய்தார். படுக்கைகளை மாற்றி அமைத்தார். இனி எழார் எனக் கைவிடப்பட்டோருள் பலர் எழுந்து நடந்து வீடு திரும்பினர். அவர்களைப் படுக்கையில் வீழ்த்தியது முதுமை மட்டும் அன்று. முதுமைக்கு மருந்தில்லை என்ற பிறருடைய முடிவும் ஆகும்.

நம் நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டிய பெருமை சென்னைக்கு உண்டு. சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டில் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பெற்றது. அதனை நிறுவி வளர்த்தவர் மருத்துவர் வி. எஸ். நடராசன். 1996-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் முதுநிலைப் பட்டப் படிப்பு தொடங்கிற்று. 2024-ஆம் ஆண்டில் கிண்டியில் 200 படுக்கைகள் கொண்ட தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பெற்றது.

முதியோர் தொகை பெருகிவருதலே இத்தகைய அமைப்புகள் தோன்றக் காரணம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். இன்று அது 70 ஆண்டுகளை எட்டியுள்ளது. மக்கள் நெடுநாள் வாழ்கின்றனர். குழந்தைகளோ முன்போல் மிகுதியாகப் பிறப்பதில்லை. இவ்விரண்டும் கூடும்போது மக்கள்தொகையில் முதியோர் பங்கு உயர்கின்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 60 அகவையும் அதற்கு மேலும் உடையோர் இந்திய மக்களுள் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 10.4 பேர். அக்கணக்கெடுப்பிற்குப் பின்னர் இப்பங்கு மேலும் உயர்ந்துள்ளது.

நோயும் மூப்பும்

முதுமையியல் கற்போர் முதலில் அறியவேண்டுவது நோய்க்கும் மூப்பிற்கும் உள்ள வேறுபாடு. நாற்பது அகவையைக் கடந்தோர்க்குக் கண்ணில் உள்ள வில்லை நெகிழ்ச்சி குன்றும். அதனால் அண்மையில் உள்ள எழுத்துத் தெளிவாகத் தோன்றாது. இதனை வெள்ளெழுத்து என்பர். இஃது ஏறக்குறைய எல்லோர்க்கும் நேர்வது. கண்ணாடி அணிந்தால் தீர்வது. அவ்வில்லை ஒளி புகாதவாறு மங்கினால் அது கண்புரை. அறுவை மருத்துவத்தால் தீரும். தசை மெலிவதும் எலும்பின் திண்மை குறைவதும் மூப்பின் இயல்பு. ஆயினும் பயிற்சியும் நல்லுணவும் அவற்றின் விரைவைத் தணிக்கும். மறதி நோயோ மூப்பின் இயல்பு அன்று. மூளையைத் தாக்கும் நோய்களால் வருவது. செருமானிய மருத்துவர் அலாயிசு அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் அத்தகைய நோய் ஒன்றை முதன்முதல் விளக்கினார். அந்நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஓவேலி மூதாட்டி தம் கண் மங்குதலை, ‘வயதாகிவிட்டது, இனி அப்படித்தான்’ எனக் கூறி அமைந்துவிடுவார். அண்டை வீட்டாரும் அவ்வாறே கூறுவர். அவருக்கு இருப்பது கண்புரையாயின், சிறிய அறுவை மருத்துவம் அவர் பார்வையை மீட்டுத் தரும். மூப்பு என்று எண்ணி நோயை ஏற்றுக்கொள்வது அறியாமையால் விளையும் இழப்பு. இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பும் மாணவன் ஒருவன் பலருக்குக் கண் தருவான்.

ஒப்பிடும் முறை

முதுமையை அளந்தறிவதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஓவேலியில் இருபது அகவையினர் நூறு பேருக்கும் எழுபது அகவையினர் நூறு பேருக்கும் ஒரே அறிவுத்தேர்வு வைத்தால், இளையோர் மிகுதியான மதிப்பெண் பெறுவர். இதனால் அகவை ஏற ஏற அறிவு குன்றும் எனக் கூறலாமா? கூறலாகாது. இளையோர் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றவர். முதியோரோ பத்து அகவையிலேயே தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமந்தவர்; பள்ளியில் சில ஆண்டுகளே பயின்றவர். அத்தேர்வு காட்டிய வேறுபாட்டில் அகவைக்கு உரியது எவ்வளவு, பள்ளிக்கு உரியது எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிது. உயரத்திற்கும் இது பொருந்தும். முதியோர் குட்டையாயிருப்பதற்கு அவர்தம் முதுகு வளைந்தமை ஒரு காரணம்; வளரும் பருவத்தில் வயிறார உண்ணாமை மற்றொரு காரணம்.

இப்பிழையை நீக்க அறிஞர் கண்ட வழி, ஒரே மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்வது. அமெரிக்காவில் சியாட்டில் நகரில் வார்னர் சாய் என்பார் 1956-ஆம் ஆண்டில் அத்தகைய ஆய்வைத் தொடங்கி, ஏழாண்டுக்கு ஒரு முறை அறிவாற்றலை அளந்தார். பால்டிமோர் நகரில் 1958-ஆம் ஆண்டில் மற்றோர் ஆய்வு தொடங்கிற்று. பெரும்பாலான அறிவாற்றல்கள் 60 அகவைக்கு முன்னர்க் குறிப்பிடத்தக்க அளவு தேய்வதில்லை எனச் சியாட்டில் ஆய்வு காட்டிற்று. இந்தியாவிலும் மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகையியல் நிறுவனம் இவ்வகை ஆய்வை நடத்துகின்றது. 2017-18-இல் நடைபெற்ற அதன் முதற்சுற்றில், 45 அகவையும் அதற்கு மேலும் உடையோர் 72,000 பேருக்கு மேல் வினவப்பெற்றனர். ஒருவரின் முதுமையை விளங்கிக்கொள்ள அவர் கடந்துவந்த காலத்தின் வரலாற்றையும் அறிதல் வேண்டும் என்பதும், கணக்கியலும் வரலாறும் இத்துறையின் உறுப்புகள் ஆனமையும் இதனால் விளங்கும்.

வீடும் பொருளும்

மூதாட்டியின் முழங்கால் வலியைவிட அவரை மிகுதியாக வருத்துவது வீட்டைப் பற்றிய கவலை. தோட்டத் தொழிலாளர்க்கு வீடும் மருத்துவமும் பிற வசதிகளும் தருதல் தோட்ட உரிமையாளரின் கடமை என 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அது தொழிலாளர்க்குக் கிடைத்த பெரும்பேறு. ஆயினும் அவ்வீடு வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்கவேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலை செய்தால் முதியோர் அவர்களுடன் அங்கேயே தங்கலாம்.

இதனால் விளையும் இடர்ப்பாடு ஆழ்ந்து எண்ணத்தக்கது. தாய் தன் மகன் கொழுந்துக் கூடையைச் சுமக்கலாகாது என எண்ணி, அரும்பாடுபட்டு அவனைப் படிக்கவைக்கிறார். அவன் படித்துத் தேர்ந்து நகரத்தில் வேலை பெறுகிறான். அன்றே தாயின் வீட்டிற்கு இருந்த பற்றுக்கோடு அறுகிறது. மகனுடைய ஏற்றமே தாயின் இருப்பிடத்திற்கு இறக்கமாகிவிடுகிறது. மகன் நன்றி மறந்தவன் அல்லன். நகரத்தில் ஓர் அறையில் நால்வருடன் தங்கி வாழ்பவன் தாயை எங்கே அழைத்துச் செல்வான்? அழைத்தாலும், மலையில் அரை நூற்றாண்டு வாழ்ந்த தாய்க்கு அந்நகரத்தில் அறிந்தவர் யார்? ‘பெற்றோரைப் பேணாத பிள்ளைகள்’ என இதனை ஒரே சொல்லில் முடித்துவிடுதல் எளிது. ஆனால் உண்மை அத்துணை எளிதன்று.

பொருளியலும் இங்கு உடன்வருதல் வேண்டும். 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்னும் கணக்கை வகுத்தது. நாற்பது ஆண்டுகள் உழைத்தவர்க்கு இது 600 நாள் ஊதியம் ஆகும். அதாவது ஏறத்தாழ இரண்டாண்டு வேலைக்கு ஒப்பான தொகை. ஓய்வுக்குப் பின் அவர் இருபது ஆண்டுகள் வாழ்ந்தால் அத்தொகை எவ்வளவு நாளைக்குப் போதும் என்பதை மாணவர் தாமே கணக்கிட்டு அறியலாம். தொழிலாளர் சேமநிதியைச் சார்ந்த ஓய்வூதியத்தின் குறைந்த அளவு 2014-ஆம் ஆண்டில் திங்களுக்கு 1,000 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. ஆதரவற்ற முதியோர்க்கு மாநில அரசு உதவித்தொகை வழங்கும் திட்டம் 1962-ஆம் ஆண்டிலேயே இங்குத் தொடங்கிற்று.

சட்டமும் துணைநிற்கின்றது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. அதன்படி 60 அகவை நிரம்பியோர் மூத்த குடிமக்கள். தம்மைத் தாமே பேணிக்கொள்ள இயலாத பெற்றோர், கோட்டாட்சியரைப் போன்ற அலுவலர் தலைமையில் அமையும் தீர்ப்பாயத்தில் முறையிட்டுப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறலாம். ஆயினும், கூடலூர்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில் தன் மகன்மீது முறையிட ஒரு தாயின் மனம் ஒப்புமோ? முறையிட்டாலும், மகனிடமே இல்லாத வீட்டைத் தீர்ப்பாயம் எவ்வாறு தரும்? சட்டம் எங்கே உதவும், எங்கே உதவாது என அறிதலும் முதுமையியலில் ஒரு பாடமே.

உள்ளமும் மொழியும்

முதியோர் பழங்கதை பேசுவதை இளையோர் சிலர் வெறுப்பர். அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பட்லர், முதியோர் தம் வாழ்வைத் திரும்ப எண்ணிப் பார்த்தல் தளர்ச்சியின் அறிகுறி அன்று; வாழ்வைத் தொகுத்துப் பொருள் காணும் இயல்பான செயல் என 1963-ஆம் ஆண்டில் விளக்கினார். அகவையைக் காரணமாகக் கொண்டு ஒருவரை இழிவாக நடத்துதலுக்கு 1969-ஆம் ஆண்டில் தனிப்பெயரிட்டு அதனைக் கண்டித்தவரும் அவரே. ஊன்றுகோல் பற்றிய முதுமையில் தம் இளமைக்கால நீர்விளையாட்டை நினைந்து இரங்கிய சங்கப் புலவர் ஒருவரைத் தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் பெயரால் தமிழுலகம் போற்றுகின்றது. கண்டி மலையையும் தலைமன்னார்க் கப்பலையும் பற்றி ஓவேலி மூதாட்டி கூறும் கதையும் அவ்வாறே போற்றத்தக்கது. அதனைக் கேட்பவர் இல்லாதபோது அவர் துயரம் இரட்டிக்கும்.

மொழியும் இதனோடு தொடர்புடையது. கூடலூர் வட்டாரத்துப் பணியர் முதியோர் தம் வலியைத் தம் மொழியிலேயே செம்மையாகக் கூறவல்லவர். கூடலூரில் 1990-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பழங்குடியினர் மருத்துவமனை, அம்மக்களின் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தது. நோயாளி கூறுவதை அறிந்து கொள்ளாத மருத்துவம் பாதி மருத்துவமே. ஆதலின் மொழி நூலும் மானிடவியலும் முதுமையியலுக்குத் துணையாகின்றன.

கல்லூரியில் துணைப்பாடம்

இத்தனை துறைகளையும் ஒருவரே முற்றக் கற்றல் இயலாது. அதற்குக் கல்லூரிகள் கண்ட வழி துணைப்பாடம் என்பது. மாணவர் ஒருவர் தமக்கு விருப்பமான துறையை முதன்மைப் பாடமாகக் கொள்வார். அதனோடு முதுமையியலில் சில பாடங்களைத் துணைப்பாடமாகப் பயில்வார். உயிரியல், உளவியல், சமூகவியல், பொருளியல், பொதுநலக் கொள்கை ஆகிய துறைகளிலிருந்து ஒவ்வொரு பாடம் எடுக்கப்பெறும். இறுதியில் முதியோருடன் நேரிற் பழகிப் பணிசெய்யும் பயிற்சியும் உண்டு. அமெரிக்காவில் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 1975-ஆம் ஆண்டில் முதுமையியலுக்கெனத் தனிக் கல்லூரியே நிறுவிற்று. இன்று அந்நாட்டின் பல கல்லூரிகளில் இது துணைப்பாடமாக உள்ளது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட இளநிலைப் பட்டப் படிப்பு வரையறை, முதன்மைப் பாடத்துடன் துணைப்பாடமும் கொள்ளும் முறைக்கு இடந்தந்துள்ளது.

முதியோர் இல்லத்தில் பணிசெய்ய விழைவோர்க்கு மட்டுமே இக்கல்வி எனக் கருதுதல் தவறு. கட்டடக் கலை பயில்வோன் இதனைக் கற்றால், படிக்கட்டின் ஓரத்தில் கைப்பிடி வைக்க மறவான். ஈரப் படியில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், முதியவர் பலர் மீண்டும் முன்போல் நடப்பதில்லை. ஆதலின் ஒரு கைப்பிடியின் விலையை மருத்துவச் செலவோடு ஒப்பிட்டே மதிப்பிடல் வேண்டும். பேருந்து அமைக்கும் பொறியாளன் ஏறும் படியைத் தாழ்த்துவான். வங்கி அலுவலன் முதியவரின் கைரேகை கருவியில் பதியாதபோது வெகுளான். ஆண்டுக்கணக்கில் உழைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும் என அறிவான். வனத்துறை அலுவலன் யானை நடமாட்டத்தை அறிவிக்கும்போது, விரைந்து ஓட இயலாதாரையும் காது மந்தமானாரையும் நினைப்பான். வணிகன், ஆசிரியன், வழக்கறிஞன், செய்தியாளன் என எத்தொழில் செய்வோரும் முதியோரைக் காணாமல் ஒரு நாளைக் கழித்தல் அரிது.

நேரிற் பயிலும் பயிற்சிக்கும் சில ஒழுக்கங்கள் உண்டு. முதியவரின் இசைவு பெற்ற பின்னரே வினவுதல் வேண்டும். அவர் கூறுவதை இடைமறித்தல் ஆகாது. அவருக்காக முடிவு செய்தலும் ஆகாது. ‘எங்கே வாழ விரும்புகின்றீர்?’ என்னும் வினாவை முதலில் அவரிடமே வினவுதல் வேண்டும். இரக்கம் நல்லதே, ஆயினும் மதிப்பில்லாத இரக்கம் பெறுபவரைச் சிறுமைப்படுத்தும்.

ஓவேலி மூதாட்டிக்கு இனி என்ன செய்யலாம்? கண்மருத்துவர் அவர் பார்வையை மீட்கலாம். சேமநிதிக் கணக்கையும் உதவித்தொகை விண்ணப்பத்தையும் எழுதக் கற்ற இளைஞன் ஒருவன் செம்மைப்படுத்தித் தரலாம். படிகளில் கைப்பிடி அமைக்கப் பேரூராட்சியினரிடம் முறையிடலாம். மகன் திங்களுக்கு ஒருமுறை வந்து போகலாம். இவை அனைத்தும் நடந்தாலும், வேலை முடிந்த பின்னர் அவர் எந்தக் கூரையின்கீழ் வாழ்வார் என்னும் வினா எஞ்சி நிற்கும். அதற்கு விடை காண ஒரு மருத்துவரோ ஒரு மகனோ போதார். நிலத்தையும் தொழிலையும் சட்டத்தையும் ஒருங்கே அறிந்து திட்டம் வகுப்போர் வேண்டும். அத்தகையோர் இன்று பள்ளியில் பயிலும் மாணவருள்ளிருந்தே வருதல் வேண்டும்.

அதுகாறும் ஒவ்வொரு மாணவரும் தொடங்கத்தக்க எளிய பயிற்சி ஒன்று உண்டு. தம் வீட்டிலோ தெருவிலோ வாழும் முதியவர் ஒருவரை அணுகி, அவர் எந்த ஊரில் பிறந்தார், எத்தொழில் செய்தார், இன்று அவரை வருத்துவது யாது எனப் பொறுமையுடன் கேட்டு எழுதுக. எழுதி முடித்த பின்னர், அவர் கூறிய குறைகளுள் உடலைச் சார்ந்தவை எவை, வீட்டைச் சார்ந்தவை எவை, பொருளைச் சார்ந்தவை எவை, பிறர் நடத்தையைச் சார்ந்தவை எவை எனப் பிரித்து நோக்குக. முதுமையினால் வந்தவை எனக் கருதிய பலவும் மனிதரால் வந்தவை என்பது அப்போது புலப்படும். மனிதரால் வந்தவற்றை மனிதர் மாற்றலாம்.